டிராப் டி-யில் ஒரு பிரிவுப் பாட்டு: கோரஸ் வெடிக்கவே மாட்டேன் என்கிறது

தளர்ந்த தந்தி

வணக்கம். கிரஞ்ச் என்ற கரடுமுரடான ராக் பாணியில் ஒரு பாட்டு முக்கால்வாசி முடிந்து நிற்கிறது. பிரிவுப் பாட்டுதான், ஆனால் அழுகை வேண்டாம், கசப்பு வேண்டும்.

டியூனிங் டிராப் டி (ஆறாவது தந்தியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கியது). நிமிடத்துக்கு 104 பீட் (பிபிஎம்), 4/4. வெர்ஸ் (கோரஸுக்கு முன் வரும் அமைதியான பகுதி) 8 பார், ஒரு பாருக்கு நான்கு பீட்: டி5 பவர் கார்டில் அடக்கி வாசித்து, கடைசி பாரில் ஈ ஃபிளாட்5. கோரஸ் (திரும்பத் திரும்ப வரும் உச்சப் பகுதி) 8 பார்: டி5, எஃப்5, ஜி5, பி ஃபிளாட்5. கருவிகள்: ஹம்பக்கர் கிட்டார் (மெல்லியது 10, தடித்தது 46 அளவு தந்திகள்), ஒரு டிஸ்டார்ஷன் பெடல், இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு டைனமிக் மைக். ஆம்ப் கிடையாது. டிரம்ஸ் சாஃப்ட்வேரில்.

சிக்கல்கள் நான்கு.

கோரஸ் வருகிறது, ஆனால் வந்த மாதிரியே இல்லை. டிஸ்டார்ஷனைக் கூட்டக் கூட்டக் கோரஸ் இன்னும் சின்னதாகிறது.

பெடலிலிருந்து நேராக இன்டர்ஃபேஸில் செருகினால் கொசு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம். ஈக்யூவில் எவ்வளவு வெட்டினாலும் போகவில்லை.

கோரஸில் கத்த வேண்டும். இரண்டு டேக்கிலேயே தொண்டை கட்டிவிடுகிறது.

நான்காவதுதான் பெரியது: வரிகள். தாளில் சரியாக இருக்கிறது, பாடினால் மேடைப் பேச்சாக இருக்கிறது. மாதிரிக்கு இரண்டு வரி:

என் இதயத்தை உடைத்தெறிந்த துரோகி நீயே
உன் நினைவின் தீயில் நானும் வேகிறேனே

எதிலிருந்து தொடங்குவது?

மூன்றாம் டேக்

கோரஸ் வெடிக்கலன்னா கோளாறு பெரும்பாலும் வெர்ஸ்லதான் இருக்கும். வெர்ஸ் ஏற்கெனவே இடத்தை முழுசா அடைச்சிருந்தா கோரஸுக்கு வளர இடமே கிடையாது. டிஸ்டார்ஷனைக் கூட்டினா சின்னதாகறதுக்கும் காரணம் இதுக்குப் பக்கத்துலயே இருக்கு: டிஸ்டார்ஷன்னா அலையோட உச்சியை வெட்டறது. வெட்ட வெட்ட, பிக் தந்தியில படற அந்த முதல் அடி காணாமப் போயிடும். எல்லாமே ஒரே தடிமன்ல ஓடற இரைச்சலாயிடும். காதுக்குப் பலமாத் தெரியறது அந்த அடி.

முதல்ல கொசுவை முடிச்சுடலாம், அது சுலபம். கிட்டார் ஆம்போட 12 அங்குல ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல வேகமா விழுந்துடும். டிஸ்டார்ஷன் உண்டாக்கற மேல் ஹார்மோனிக்ஸை வடிகட்டற வேலையை அந்த ஸ்பீக்கர்தான் பாக்குது. உங்ககிட்ட ஆம்ப் இல்ல, அதனால வடிகட்டியும் இல்ல. பெடல் மேல தப்பே கிடையாது. பெடலுக்கு அப்புறம், கம்ப்யூட்டர்ல ஒரு கேபினட் ஐஆர் (ஸ்பீக்கர் பெட்டியோட ஒலித்தன்மையைப் பிடிச்சு வெச்ச ஃபைல்) லோடர் போட்டு, 12 அங்குல ஸ்பீக்கர் ஐஆர் ஒண்ணை ஏத்துங்க. இலவசமாவே நிறைய கிடைக்குது. அதுக்கு மேல 90 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டற ஹை-பாஸ், 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல வெட்டற லோ-பாஸ். வெறும் ஈக்யூ போதாது. ஸ்பீக்கரோட வளைவுல நிறைய மேடு பள்ளம் உண்டு, நாலு பேண்டை வெச்சு அதை வரையவே முடியாது.

இன்புட்டையும் ஒருதடவை பாருங்க. கிட்டாரை நேரா செருகும்போது ‘இன்ஸ்ட்ருமென்ட்’ அல்லது ‘ஹை-இசட்’ பட்டன் அழுத்தியிருக்கணும். அந்த இன்புட் ஏறக்குறைய 1 மெகாஓம். லைன் இன்புட் 10 கிலோஓம் அளவுலதான் இருக்கும், பிக்கப்போட மேல் சத்தத்தைத் தின்னுடும். உச்சம் -12 டெசிபெல் பக்கம் நின்னாப் போதும். பெடலே இல்லாம சுத்தமான டிஐ-யை (கிட்டாரோட நேரடி சிக்னலை) ரெக்கார்ட் பண்ணி, டிஸ்டார்ஷனை ப்ளகின்ல போட்டா, பிறகு மனசு மாறினாலும் மறுபடி வாசிக்க வேண்டியதில்ல. பெடல் சத்தம்தான் பிடிக்கும்னா கெயினை 12 மணியில வைங்க, டோனை 10 மணிக்கு இறக்குங்க. பிக் மஃப் வகைன்னா நடு அதிர்வெண்ணை அதுவே குழிச்சுடும். தனியாக் கேட்டா மலை மாதிரி நிக்கும், பேஸும் சிம்பலும் சேர்ந்ததும் கிட்டாரைத் தேடணும். அதுக்கு 800 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபெல் கூட்டிக் கொடுங்க. ராட் வகைன்னா ஒண்ணு கவனிங்க: அதுல ‘ஃபில்டர்’ குமிழ் தலைகீழ், வலது பக்கம் திருப்பினா மேல் சத்தம் குறையும். (ஃபஸ்ங்கற முரட்டு டிஸ்டார்ஷன் பெடல் இந்த இசைக்கு எவ்வளவு நெருக்கம்னா, சியாட்டில் குழுவான மட்ஹனி 1988-ல வெளியிட்ட இசைத்தட்டுக்கு ரெண்டு பெடல்களோட பேரையே சேர்த்து வெச்சாங்க.)

இப்ப வெர்ஸ். ஒரே ஒரு கிட்டார், நடுவுல, டிஸ்டார்ஷன் இல்லாம. கிட்டார்ல இருக்கற வால்யூம் குமிழை 4-க்கு இறக்கினாலே பாதி சுத்தமாயிடும், அந்த அரைகுறை அழுக்கு வெர்ஸுக்கு ரொம்பப் பொருந்தும். ரிவெர்ப் வேண்டாம். கோரஸ் வந்ததும் ரெண்டு கிட்டார், ஒண்ணு முழு இடது, ஒண்ணு முழு வலது. ரெண்டும் தனித்தனியா வாசிச்ச டேக்கா இருக்கணும். ஒரே டேக்கை நகல் எடுத்து ரெண்டு பக்கமும் போட்டா அது நடுவுலதான் கேக்கும். நகலைக் கொஞ்சம் தள்ளி வெச்சா அகலமாத் தெரியும், ஆனா மோனோவுல கேக்கறப்போ சில அதிர்வெண்கள் ஒண்ணையொண்ணு அழிச்சுக்கிட்டு ஓட்டையாயிடும். ரெண்டு டேக்குலயும் கெயினை நீங்க நினைக்கறதுல பாதியா வைங்க. சேரும்போது நிறைஞ்சுடும்.

வெர்ஸுக்கும் கோரஸுக்கும் நடுவுல 4 முதல் 6 டெசிபெல் நிஜமான வித்தியாசம் இருக்கணும். மாஸ்டர்ல (மொத்த இசையும் போய்ச் சேர்ற சேனல்) லிமிட்டர் (உச்சத்தைத் தாண்ட விடாம அமுக்கறது) போட்டிருந்தா, வெர்ஸ்ல அது அசையவே கூடாது, கோரஸ்ல 2 டெசிபெல் வரை குறைக்கலாம். உங்க பாட்டுல வெர்ஸ்லயே அது வேலை செஞ்சுக்கிட்டிருக்கும்னு நினைக்கறேன். அப்படின்னா நீங்க கோரஸுக்கு ஏத்தறதையெல்லாம் அதுவே திருப்பி அமுக்கிடுது.

கடைசியா, அந்த ஈ ஃபிளாட்5 பாரோட நாலாவது பீட்டை வெறுமையா விடுங்க. எல்லாக் கருவியும் கை வெச்சு நிறுத்தணும், ரிவெர்ப் வால்கூட இருக்கக் கூடாது. அதுக்கு முந்தின ரெண்டு பீட்டுல மொத்த இசையையும் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிட்டு, கோரஸோட முதல் அடியில திறந்து விடுங்க. கீழ்ச் சத்தம் திரும்பி வர்றதை உடம்பு உணரும்.

நெடில்

வரிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், மற்றது எனக்கு அவ்வளவு தெரியாது.

இதயம், துரோகி, தீ. இந்த மூன்றையும் யார் வேண்டுமானாலும் யாரைப் பற்றியும் பாடலாம். கசப்பு என்பது குறிப்பிட்ட ஒருவர் மீது, குறிப்பிட்ட ஒரு காரியத்துக்காக வருவது. அந்தக் காரியத்தைச் சொல்லுங்கள், உணர்ச்சியின் பெயரைச் சொல்லாதீர்கள். இன்னொன்று: உங்கள் இரண்டு வரியிலும் குற்றவாளி ஒருவர், பாதிக்கப்பட்டவர் ஒருவர். கேட்பவனுக்கு அங்கே வேலையே இல்லை, தீர்ப்பு எழுதியாகிவிட்டது. இந்த இசைக்கு உயிர் தருவது, பாடுபவன் தன்னையும் நம்பாமல் இருப்பதுதான். எதிராளி மேல் வீசுவது பாதி வழியில் தன் மேலேயே விழ வேண்டும்.

மொழிநடையை முதலில் தீர்மானியுங்கள். “உடைத்தெறிந்த”, “வேகிறேனே” என்று எழுத்து நடையில் கத்தினால் அது ஒப்பித்தல் போலத்தான் ஒலிக்கும். முழுக்கப் பேச்சு நடைக்கு வந்துவிடுங்கள். பாதி பாதி வேண்டாம், அது இன்னும் மோசம்.

வெர்ஸுக்கு ஒரு மாதிரி:

பூட்ட மாத்திட்ட
சாவி என்கிட்ட
பேர அழிச்சிட்ட
பில்லு மட்டும் என் பேர்ல

வரிக்கு இரண்டு முதல் நான்கு சொல். முதல் மூன்றும் ‘ட்ட’ என்று முடிகின்றன, நான்காவது வேண்டுமென்றே தவறுகிறது. காது இன்னொரு ‘ட்ட’வை எதிர்பார்த்திருக்கும் இடத்தில் சமாதானம் கிடைப்பதில்லை. பேர-பில்லு மோனை வரியைக் கட்டிப்போடும். அடக்கி வாசிக்கும் கிட்டாருக்கு மேல் வல்லின இரட்டிப்புகள் (ட்ட, த்த, ற்ற, க்க) தாளக் கருவி மாதிரி வேலை செய்கின்றன.

பொருத்தும் விதம்தான் முக்கியம். தமிழில் சொல்லின் முதல் அசைக்கு இருக்கும் பலம் விகுதிக்குக் கிடையாது. ஸ்னேர் 2, 4 ஆம் பீட்டுகளில் விழுகிறது. அங்கே “-இட்ட”, “-கிறேன்” போன்ற வால்கள் வந்து உட்கார்ந்தால் பாட்டு நொண்டும். “பூட்” முதல் பீட்டில், “மாத்” இரண்டாம் பீட்டில் ஸ்னேரோடு, “திட்ட” அதன் பின் பாதியிலிருந்து மூன்றாம் பீட்டுக்குள் முடிந்துவிட வேண்டும். நான்காம் பீட் காலி. அதைக் கிட்டாருக்குக் கொடுங்கள். “சாவி என்கிட்ட” வரியிலும் அதே அமைப்பு: “சா” ஒன்றில், “என்” இரண்டில்.

கோரஸில் எல்லாம் தலைகீழ். அங்கே நெடில் வேண்டும், அதுவும் சொல்லின் கடைசியில். மேல் சுரத்தில் கத்தும்போது ஆகாரமும் ஓகாரமும் வாயைத் திறக்க விடும். ஈகாரமும் ஊகாரமும் இறுக்கும். ‘ம்’, ‘ன்’ என்று முடிந்தால் உதடும் நாவும் போய் சத்தத்தை மூடிவிடும்.

போ... போ...
திரும்பிப் பாக்காம போ
போ... போ...
பாத்தா நான் வந்துருவேன், போ

முதல் முறை கேட்கும்போது விரட்டுவது போல இருக்கும், நான்காவது வரியில்தான் யாரை விரட்டுகிறான் என்று தெரியும். அந்த நான்காம் வரியை முதல் கோரஸில் வைக்காதீர்கள். அங்கே அந்த இடத்தை வெறும் கிட்டாரால் நிரப்புங்கள், இரண்டாம் கோரஸில் திறங்கள்.

வரியின் முடிவில் சுரத்தை அலங்கரிக்கும் பழக்கம் நம் பாடும் முறையில் ஆழமாக ஊறியது. இங்கே கமகம், பிருகா எதுவும் வேண்டாம். நேராக நிறுத்துங்கள், அல்லது சுரத்திலிருந்து கீழே வழுகி விழ விடுங்கள்.

அடித்தொண்டை

நெடில் சொன்ன “போ”வை எந்தச் சுரத்தில் வைப்பது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் தொண்டை கட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பவர் கார்டில் மூன்றாம் சுரம் கிடையாது. டி5 என்றால் டி-யும் ஏ-யும் மட்டும். மூன்றாம் சுரத்தையும் சேர்த்து டிஸ்டார்ஷனில் அடித்தால் சுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் கலங்கிவிடும் என்பதால்தான் அதை விடுகிறோம். ஆகவே பாட்டு மைனரா மேஜரா என்பதைத் தீர்மானிப்பது குரல். டி5-க்கு மேல் எஃப் பாடினால் மைனர், எஃப் ஷார்ப் பாடினால் மேஜர். வெர்ஸ் முழுக்க எஃப்-ஐச் சுற்றியே பாடிவிட்டு, ஒரே ஒரு இடத்தில், “சாவி”யில், எஃப் ஷார்ப் தொட்டுப் பாருங்கள். ஒரு கணம் பழைய நல்ல நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

கோரஸில் “போ”வை ஏ சுரத்திலேயே பிடித்து வைத்துக்கொண்டு கார்டுகளை அடியில் நகர விடுங்கள். டி5-க்கு அது ஐந்தாம் சுரம், எஃப்5-க்கு மேஜர் மூன்று, ஜி5-க்கு ஒன்பது, பி ஃபிளாட்5-க்கு மேஜர் ஏழு. குரல் அசையவே இல்லை, ஆனால் உரசல் ஏறிக்கொண்டே போகும். 440 ஹெர்ட்ஸ் ஏ உங்களுக்கு எட்டவில்லையென்றால் அதை எட்டிப் பிடிக்க முயலாதீர்கள். 349 ஹெர்ட்ஸ் எஃப் எடுங்கள். உரசல் குறையும், உறுதி கூடும், அதுவும் நன்றாக இருக்கும். பொது விதி: கோரஸின் மேல் சுரம் உங்கள் எல்லைக்கு இரண்டு அரைச்சுரம் கீழே இருக்கட்டும்.

இனி தொண்டை. கத்துவது போல ஒலிப்பதற்கு முழுப் பலத்தில் கத்தத் தேவையில்லை. மைக்குக்குக் கேட்பது சத்தத்தின் அளவை விட அதன் கரகரப்பு. சாதாரணமாகக் கூப்பிடும் அளவுக்குப் பாடுங்கள், மீதியை மைக்குக்குப் பிறகு சேருங்கள்: கோரஸ் குரல் டிராக்கின் நகலில் ஓவர்டிரைவ் ப்ளகின் போட்டு, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டி, அசல் குரலுக்கு 8 முதல் 10 டெசிபெல் கீழே கலந்துவிடுங்கள். தனியாக அது இருப்பதே தெரியாது, எடுத்துவிட்டால் தெரியும்.

வெர்ஸையும் கோரஸையும் ஒரே டேக்கில் பாட வேண்டாம். வெர்ஸுக்கு மைக்கிலிருந்து 5 செ.மீ. நெருங்கிவிட்டால் குரலின் கீழ்ப்பகுதி தானாகவே தடிக்கும், காதருகில் சொல்வது போல வரும். கோரஸுக்கு 20 செ.மீ. தள்ளி நின்று கெயினைக் குறைத்து வையுங்கள். எல்லா வெர்ஸும் முடிந்த பிறகு, கடைசி வேலையாகக் கோரஸ். முழுக் குரலில் ஒரு நாளைக்கு நான்கைந்து டேக்குக்கு மேல் வேண்டாம். முன்னால் பத்து நிமிடம் உதட்டைப் படபடவென்று அடித்தபடி கீழிருந்து மேலே சுரம் ஏற்றி இறக்குங்கள். கூச்சமோ இருமலோ வந்தால் அங்கேயே நிறுத்துங்கள், வலி வந்த பிறகு நிறுத்துவது தாமதம். கிசுகிசுப்பது தொண்டைக்கு ஓய்வு ஆகாது, பேசாமல் இருப்பதுதான் ஓய்வு. கரகரப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கோரஸ் குரலை இரண்டு முறை பாடி அடுக்குங்கள். இது ஏமாற்று வேலை என்று தோன்றினால்: 1991-ல் நிர்வாணா குழுவின் இரண்டாம் ஆல்பத்தைப் பதிவு செய்த புட்ச் விக் இதைச் சொன்னபோது அதன் பாடகர் கர்ட் கோபேனும் தயங்கினார். பீட்டில்ஸின் ஜான் லெனன் அப்படித்தான் செய்தார் என்று சொல்லித்தான் அவரைச் சம்மதிக்க வைத்தார்கள். இரண்டாவது டேக்கை 6 டெசிபெல் கீழே வையுங்கள், சொல் முடிவுகள் இரண்டிலும் ஒரே இடத்தில் விழட்டும்.

கடைசிக் கோரஸில் மட்டும் ஒரு துணைக்குரல். ஆலிஸ் இன் செயின்ஸ் குழுவில் லேய்ன் ஸ்டேலியும் ஜெர்ரி கேன்ட்ரெலும் சேர்ந்து பாடுவதைக் கவனியுங்கள், இரண்டு குரலும் ஒட்டிக்கொண்டே நகரும். நீங்கள் ஏ-யில் இருந்தால் துணைக்குரல் கீழே எஃப்-இல்.

தகரச் சிம்பல்

டிரம்ஸ் சின்ன விஷயம். எல்லா அடிக்கும் வெலாசிட்டி (அடியோட பலம்) உச்சமான 127 வெச்சிருந்தா உடனே மாத்துங்க. வெர்ஸ்ல மூடின ஹை-ஹாட், ஸ்னேருக்குப் பதிலா கிராஸ்-ஸ்டிக், வெலாசிட்டி 60-85. கோரஸ்ல பாதி திறந்த ஹை-ஹாட் அல்லது கிராஷ், ஸ்னேர் 110-120, ஆனா ஒவ்வொரு அடியும் கொஞ்சம் வேற. கிக் கிட்டார் ரிஃபோட சேர்ந்து விழட்டும். ரூம் மைக் சேனல் தனியா இருந்தா வெர்ஸ்ல அணைச்சு வெச்சு கோரஸ்ல ஏத்துங்க, ரிவெர்பைவிட இது நிஜமா இருக்கும். வெர்ஸ் 104, கோரஸ் 106. யாருக்கும் எண்ணா தெரியாது, முன்னால தள்ற மாதிரி இருக்கும்.

பேஸ் பிக்கால வாசிக்கணும். டிராக்கை 200 ஹெர்ட்ஸ்ல ரெண்டாப் பிரிச்சு, கீழ்ப்பாதியைச் சுத்தமா விட்டு, மேல்பாதிக்கு மட்டும் டிஸ்டார்ஷன். கிட்டார் பெரிசாத் தெரியறதுல பாதி இந்த பேஸ்தான்.

தளர்ந்த தந்தி

ஐஆர் போட்டதும் கொசு போய்விட்டது. லிமிட்டர் வெர்ஸிலேயே 5 டெசிபெல் குறைத்துக்கொண்டிருந்தது, மூன்றாம் டேக் சொன்னது அப்படியே சரி. “போ”வை எஃப்-இல் வைத்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

மீதி இரண்டு கேள்வி. கோரஸில் ஓங்கி அடிக்கும்போது ஆறாவது தந்தி ஒவ்வொரு அடியிலும் சுருதி மேலே போய்த் திரும்புகிறது. இரண்டாம் கோரஸுக்குப் பிறகு சோலோ வைக்கலாமா?

மூன்றாம் டேக்

தந்தியோட இழுவிசை அதிர்வெண்ணோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி மாறும். ஈ-யிலிருந்து டி-க்கு, அதாவது 82.4-லிருந்து 73.4 ஹெர்ட்ஸுக்கு, இறக்கினா ஏறக்குறைய 20 சதவீதம் இழுவிசை போயிடும். தளர்ந்த தந்தியை ஓங்கி அடிச்சா அந்தக் கணத்துக்கு அது நீண்டு சுருதி ஏறும். ஆறாவது தந்தியை 52-க்கு மாத்துங்க. 10-52 செட்டாவே கிடைக்குது. மாத்தின பிறகு 12-ஆம் ஃப்ரெட்டை அழுத்தி வாசிச்சதும் அதே இடத்து ஹார்மோனிக்கும் ஒத்துப் போகுதான்னு பாருங்க. அழுத்தினது மேல நின்னா பிரிட்ஜ் சேடிலைப் பின்னால நகர்த்தணும். நட்டுல பள்ளம் 46-க்கு வெட்டினதா இருந்தா 52 அதுல சிக்கும். டியூனரைத் திருப்பறப்போ ‘டிக்’குன்னு ஒரு சத்தம் கேட்டா அதுதான். பள்ளத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தணும், பழக்கமில்லைன்னா கிட்டார் பழுது பாக்கறவர்கிட்ட கொடுங்க. ட்யூன் பண்றப்போ மெதுவா இல்லாம, பாட்டுல அடிக்கற அதே பலத்துல அடிச்சுப் பாத்து ட்யூன் பண்ணுங்க. மூணு டேக்குக்கு ஒருதடவை சரிபாருங்க.

சோலோ வைக்கலாம், ஆனா வேகமான ஸ்கேல் ஓட்டம் இந்தப் பாட்டுல யாரோ வெளியாள் வந்து பேசற மாதிரி இருக்கும். வெர்ஸோட பாட்டு மெட்டையே கிட்டார்ல வாசிங்க, 8 பார், மூணாவது தந்தியில, ஒவ்வொரு நீள சுரத்தையும் கால்வாசிச் சுரம் மட்டும் வளைச்சு, அரைச்சுரத்தை எட்டாம விட்டுடுங்க. வார்த்தை இல்லாம அதே குற்றச்சாட்டு திரும்ப வருது, கேக்கறவங்க “பில்லு மட்டும் என் பேர்ல”ங்கற இடத்தை மனசுக்குள்ள தாங்களே பாடிக்குவாங்க.

டிராக் எண்ணிக்கையையும் கட்டுக்குள்ள வைங்க. நிர்வாணாவோட முதல் ஆல்பம் சியாட்டில்ல ரெசிப்ரோகல் ஸ்டுடியோவுல ஒலிப்பதிவாளர் ஜாக் எண்டினோகிட்ட 8 டிராக் டேப்ல பதிவானது, செலவு 606.17 டாலர். உங்களுக்கு டிரம்ஸ் ஸ்டீரியோவுல ரெண்டு, பேஸ் ஒண்ணு, கிட்டார் மூணு, குரல் ரெண்டுன்னு எட்டுக்குள்ளயே அடங்கிடும். கோபேன் மாதிரி அடுக்கற ரெண்டாவது குரலும் அதுல சேர்ந்தாச்சு. கடைசிக் கோரஸ் துணைக்குரலை, அந்த நேரத்துல சும்மா இருக்கற வெர்ஸ் கிட்டார் டிராக்லயே போட்டுக்கலாம்.